நடு ஏரியில் ஒரு பங்கு குறைகிறது

நெடுந்தாங்கல் பெரிய ஏரியை ஊர்க்காரர்கள் ஆனி மாதமே பிரித்து வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். வீட்டுக்கு ஒரு பங்கு. மொத்தம் ஆயிரத்து நூற்றுப் பதினாறு பங்கு. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் யாருக்கு எந்த இடம் விழுந்ததோ, அந்த இடத்துத் தண்ணீரை அவர்கள் எடுத்துப் போக வேண்டும். மூன்று மாதம் வீட்டில் வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்குள் காலி ஏரியில் தூர் வாரிவிடுவார்கள். புரட்டாசி கடைசியிலிருந்து அவரவர் பங்கைக் கொண்டுவந்து எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும்.

ஏரியைச் சுத்தம் செய்ய இதைவிட நல்ல வழி கிடையாது. எல்லா ஊரிலும் இப்படித்தான் செய்கிறார்கள்.

பங்குகளைத் திரும்ப வாங்கி வைப்பது முனிரத்தினத்தின் வேலை. ஏரித் தண்ணீரைச் சோதிக்கும் ஆபீசில் அவர் பதினோரு வருடமாக இருக்கிறார். கையில் எப்போதும் ஒரு தட்டு இருக்கும். சாப்பாட்டுத் தட்டு அளவுதான். நாலாகப் பிரித்து இரண்டு கால் கறுப்பும் இரண்டு கால் வெள்ளையும் அடித்திருக்கும். நடுவில் கயிறு. அதைத் தண்ணீரில் மெல்ல இறக்குவார். எந்த ஆழத்தில் தட்டு கண்ணுக்கு மறைகிறதோ, அதுதான் அந்தத் தண்ணீரின் தெளிவு. பிரிப்பதற்கு முன் நெடுந்தாங்கல் ஏரியில் தட்டு நாலு விரற்கடையில் மறைந்தது. சில நாள் இறக்குவதற்கு முன்பே மறைந்தது.

பங்குகள் வர ஆரம்பித்ததும் முனிரத்தினம் அசந்துபோனார். ஊர் இவ்வளவு பாடுபடும் என்று அவர் நினைக்கவே இல்லை. கணக்கு வாத்தியார் வீட்டில் தங்கள் பங்கை தினமும் மூன்று முறை வடிகட்டியிருந்தார்கள். முதலில் மணலில், அடுத்து கரியில், கடைசியாக வாத்தியாரின் வேட்டியில். தையல்காரர் வீட்டில் இடம் போதாமல் பங்கை நாலாக மடித்து பீரோவில் வைத்திருந்தார்கள். ஏரியில் விரித்த பிறகும் மடிப்பு தெரிந்தது. தெற்குத் தெருவில் ஒரு வீட்டில் மூன்று மாதமும் யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை. அழுக்கு அடியில் படிய வேண்டுமே. அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணமே சைகையில்தான் நிச்சயமானது.

ஒவ்வொரு பங்கிலும் தட்டு அடிவரை தெரிந்தது. முனிரத்தினம் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். கை வலித்தது.

ஐப்பசி ஏழாம் தேதி காலைக்குள் ஆயிரத்து நூற்றுப் பதினைந்து பங்குகள் வந்து சேர்ந்துவிட்டன. ஒன்று வரவில்லை.

வராத பங்கின் இடத்தில் ஏரியில் ஓட்டை இருந்தது. தண்ணீர் திறந்துவிடும் மதகுக்கு நேர் முன்னால், ஏரி அதிக ஆழமாக இருக்கும் இடத்தில். முப்பதடிக்கு முப்பதடி. நாலு பக்கமும் தண்ணீர் சுவர் மாதிரி நின்றது. நடுவில் காய்ந்த தரை. கெண்டை மீன்கள் சுவர் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. ஒரு கொக்கு ஓட்டைக்குள் நின்றபடி, அலமாரியில் இருந்து எடுப்பது போல மீன் எடுத்துத் தின்றது.

ஐந்தாம் தேதியன்றே ஒரு லாரித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார்கள். ஓட்டை நிரம்பியது. பத்து நிமிஷம் கழித்து அந்தத் தண்ணீர் கரையேறி லாரிக்கே திரும்பிப் போய்விட்டது. அந்த இடத்துத் தண்ணீர்தான் அந்த இடத்தில் நிற்கும்.

நாள் அதிகமில்லை. ஒன்பதாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு வருவதாக மழை சொல்லியிருந்தது. ஓட்டை இருக்கிற ஏரியில் மழை இறங்காது. மேலே வந்து பார்க்கும், தாண்டிப் போய்விடும். மழை தாண்டிப் போன ஏரி ஏரியில்லை, காலி இடம். காலி இடம் என்றால் பஸ் ஸ்டாண்டு.

பஸ் ஸ்டாண்டு ஏற்கெனவே வந்துவிட்டது. ஏரிக்கரைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. கூரை, நடைமேடை, இரண்டு டீக்கடை, எட்டு பஸ், பஸ்ஸுக்குள் பயணிகள் என்று எல்லாம் தயார். தினமும் சாயங்காலம் ஓரடி முன்னால் வைக்கும். ஏழாம் தேதி அதன் இரண்டு தூண்கள் கரைமேல் ஏறியிருந்தன. டைம் கீப்பர் கன்னியப்பன் விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் முனிரத்தினத்துக்கும் பகை ஒன்றும் இல்லை. ஒன்றாகப் படித்தவர்கள்.

"இன்னா ரத்னம், நடுவுல இன்னும் பொத்தலாத்தான் கீது போல?"

"வந்துரும்."

"வரட்டும், வரட்டும். நான் ஒண்ணும் அவசரப்படல. பஸ்ஸுலதான் ஒக்காந்துகினு கீறாங்க, ஆவணிலேர்ந்து."

வராத பங்கு வேதவல்லியுடையது. முனிரத்தினம் அவர் வீட்டுக்குக் கிளம்பினார்.

வேதவல்லி கடைத்தெருவில் இட்லி மாவுக் கடை வைத்திருந்தார். வயது முப்பத்தாறு. கீழே கடை, மேலே வீடு. ஊரில் பாதிப் பேர் காலையில் சாப்பிடுவது அவர் அரைத்த மாவில்தான். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. முனிரத்தினம் ஆபீஸ் கடிதத்தை நீட்டினார். பங்கைத் தராவிட்டால் மோட்டார் வைத்து உறிஞ்சி எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. வேதவல்லி கையைத் துடைத்துக்கொண்டு முழுதும் படித்தார். பழைய மடிப்பிலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"குடுக்க மாட்டேன் சார்."

"ஏம்மா?"

"மொதல்ல வந்து பாருங்க. அப்பறமா கேளுங்க."

மாடிக்குக் கூட்டிப் போய்ப் படுக்கையறைக் கதவைத் திறந்தார். உள்ளே தண்ணீர் நின்றது. கதவைத் திறந்ததும் வெளியே வழியவில்லை. வாசற்படியோடு நின்றது. அப்படிப் பழக்கியிருந்தார்கள். அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் முப்பதடிக்கு முப்பதடித் தண்ணீர் ஒழுங்காக அடங்கியிருந்தது. ஜன்னல் ஓரம் கோரை வளர்ந்திருந்தது. ஒரு மீன்கொத்தி மின்விசிறி மேல் உட்கார்ந்திருந்தது.

முனிரத்தினம் வாசற்படியில் குந்தி உட்கார்ந்து தட்டை இறக்கினார். மூன்றடி. ஆறடி. பத்தடி. பன்னிரண்டடியில் கயிறு தீர்ந்தது. தட்டு தெரிந்தது. கீழே மாவுக் கடை இருக்கிறது. அதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

தட்டின் வெள்ளைப் பாகத்தில் மெல்லிய கீறல் ஒன்று இருந்தது. பதினோரு வருடத்தில் அந்தக் கீறலை அவர் தண்ணீருக்குள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்க மனம் வரவில்லை.

"இதுல இன்னா போட்டீங்க?"

"ஒண்ணும் போடல சார். யாரும் ஒண்ணும் போட்டுராம பாத்துக்கினேன். அவ்ளோதான்."

சமையலறையில் இருந்து அவர் கணவர் ஏகாம்பரம் எட்டிப் பார்த்தார். படுக்கையறை தண்ணீருக்குப் போனதிலிருந்து இரண்டு பேரும் சமையலறையில்தான் படுக்கிறார்கள். கால் நீட்டிப் படுத்து நூறு நாள் ஆகிறது என்றும், யார் பக்கம் முடிவானாலும் தனக்குச் சம்மதம் என்றும் அவர் சொன்னார். ஆனால் போகிற போக்கில் கதவோரம் நின்று தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் போனார். தினமும் அப்படித்தானாம்.

வேதவல்லி சமையலறை ஜன்னலைத் திறந்து மேற்கே காட்டினார். அங்கே ஒரு மண்மலை தெரிந்தது.

"அந்த மல எப்ப வந்துது சார்?"

முனிரத்தினத்துக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். காலி ஏரியில் இருந்து வாரிய தூர் அது. மூன்று மாத உழைப்பு. அதன்மேல் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொள்ளாதவர்கள் ஊரில் இல்லை. முனிரத்தினமும் எடுத்திருந்தார். போட்டோவில் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்.

"அது எதும்மேல கீதுன்னு பாருங்க."

அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மலை, ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயின் மேல் உட்கார்ந்திருந்தது. வாரியவர்களுக்கு அதுதான் கிட்டே இருந்த பள்ளம். கால்வாயில் மேலே இருந்து வந்த சாக்கடை மலைக்குப் பின்னால் தேங்கி, மலையின் ஓரத்தை அரித்துக்கொண்டு, கறுப்பாக ஏரிப் பக்கம் நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

"கொழந்தைய குளிப்பாட்டி, பவுடரு போட்டு, சாக்கடைல ஒக்கார வெப்பீங்களா? கால்வாய சுத்தம் பண்ணுங்க. பங்கு தானா வரும்."

"நாளான்னிக்கு மழ வருதும்மா. கால்வாயி பெருசு."

"எவ்ளோ பெருசு?"

பதினோரு வருடமாக முனிரத்தினம் ஏரிக்குள்தான் குனிந்து பார்த்திருக்கிறார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தலையைத் தூக்கிப் பார்த்ததில்லை. கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வேதவல்லி கிரைண்டரை நிறுத்தினார். இரண்டு பேரும் கால்வாயைப் பிடித்து மேலே நடந்தார்கள்.

வரைபடத்தில் கால்வாய் மூன்று கிலோமீட்டர். நடக்க நடக்க நீண்டது. முப்பது வருடம் யாரும் நடக்காவிட்டால் கால்வாய் அப்படித்தான் நீளும் என்று வேதவல்லி சொன்னார். அது ஒரு வீட்டு ஹால் வழியாகப் போனது. நாலு பேர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலை மடக்கி வழிவிட்டார்கள். அங்கிருந்து ஓர் அடுக்குமாடிக்குள் நுழைந்து படிக்கட்டில் ஏறியது. தண்ணீர் மேலிருந்து கீழே வருவது. எதிரே போகிறவர்கள் ஏறித்தான் ஆக வேண்டும். மூன்றாம் மாடியில் ஒருவர் கால்வாய்க்கு மேல் பலகை போட்டு, பலகைமேல் கட்டில் போட்டு, கட்டில்மேல் படுத்திருந்தார். கீழே சலசலவென்று சத்தம் கேட்பதால் நன்றாகத் தூக்கம் வருவதாகச் சொன்னார்.

அடுத்து கல்யாண மண்டபம். கால்வாய் சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில் போனது. சித்திரையில் ஆரம்பித்த ஒரு கல்யாணம் அங்கே இன்னும் நடந்துகொண்டிருந்தது. பந்தி முடிந்ததும் தாலி கட்டுவதாக ஏற்பாடு. பந்தி முடியவில்லை. பொண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் உட்கார்ந்து ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள்.

மண்டபத்து மேனேஜர் குணசீலன் முனிரத்தினத்தைப் பார்த்ததும் ஓடிவந்தார். தன் பங்கைப் பற்றிச் சொன்னார். அதை வைத்திருந்த அறைக்குள் செருப்போடு யாரையும் விடவில்லை. மேலே வெள்ளைத் துணி கட்டியிருந்தார். தானே காவல் இருந்தார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது.

"அடி வரைக்கும் தட்டு தெரிஞ்சுதே சார், நீங்கதான பாத்தீங்க" என்று கேட்டுக்கொண்டே ஓர் அண்டா ரசத்தைக் கால்வாயில் கவிழ்த்தார்.

எல்லா இடத்திலும் இதுதான் கதை. வண்டி கழுவுகிற கடையில் தங்கள் பங்கை எப்படிக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தோம் என்று காட்டினார்கள். காட்டிய கையில் எண்ணெய் வாளி இருந்தது. மாட்டுக் கொட்டகையில், கோழிக் கடையில், அடுக்குமாடியின் ஒன்பது சமையலறைகளிலும் பங்குக்கு ஒரு மூலை ஒதுக்கி, கோலம் போட்டு வைத்திருந்தார்கள். அந்த மூலைக்குப் பக்கத்திலேயே குழாய். குழாய்க்குக் கீழே கால்வாய். முனிரத்தினத்துக்கு யாரையும் திட்டத் தோன்றவில்லை. ஏரிக்காக இவ்வளவு பாடுபட்டவர்களை அவர் எங்கும் பார்த்ததில்லை. ஏரி எதுவரை இருக்கிறது என்பதில்தான் எல்லாருக்கும் கொஞ்சம் குழப்பம். அவருக்கும்தான்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கால்வாய் முடிந்தது. ஒரு குன்று. குன்றின் உச்சியில் உள்ளங்கை அளவு குழி விழுந்த பாறை.

"ஏரி இங்கதான் ஆரம்பிக்குது சார்" என்றார் வேதவல்லி.

முனிரத்தினம் பாறையைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது. ஏரியின் மேல் கரை இது என்று அவருக்கு இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டார்.

திரும்பி வரப் பத்து நிமிஷம்தான் ஆனது. இறக்கம்.

வழியில் ஆபீசில் இருந்து என்ஜினீயர் மேடம் போன் செய்தார். பங்கு வந்துவிட்டதா என்று கேட்டார்.

"ஏரி நம்ம நெனச்சத விட கொஞ்சம் பெருசா இருக்கு மேடம்."

எவ்வளவு பெரிது என்று கேட்டார். நாளை மறுநாள் சொல்வதாக முனிரத்தினம் சொன்னார். மேடம் போனை வைத்துவிட்டார்.

எட்டாம் தேதி முழுக்க இரண்டு பேரும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். எல்லாரும் நியாயம்தான் என்றார்கள். காபி கொடுத்தார்கள். மழை முடியட்டும், செய்துவிடலாம் என்றார்கள். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு இன்னும் ஓரடி வைத்தது. மூன்றாவது தூண் கரைமேல் ஏறியது.

ஒன்பதாம் தேதி காலை ஏழு மணிக்கு முனிரத்தினம் மாவுக் கடைக்குப் போனார். கடை பூட்டியிருந்தது. மாவு இல்லை என்று கதவில் எழுதியிருந்தது. அப்படி ஒரு நாளை ஊர் பார்த்ததில்லை. மாடியில் வேதவல்லி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படுக்கையறை வாசலில் நின்றார். ஏகாம்பரம் பக்கத்தில் நின்றார்.

"மோட்டாரு எடுத்தாந்தீங்களா?"

"இல்ல" என்றார் முனிரத்தினம். கடிதத்தைக் கிழித்துக் காட்டலாம் என்று நினைத்தார். ஆபீஸ் கடிதம். அதனால் நாலாக மடித்துச் சட்டைப்பையின் அடியில் தள்ளினார்.

வேதவல்லி தண்ணீரைப் பார்த்து, வா என்றார்.

தண்ணீர் வாசற்படியைத் தாண்டியது. படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இறங்கியது. மீன்கள் உள்ளேயே இருந்தன. மீன்கொத்தி மேலே பறந்து வந்தது. தெருவில் இறங்கியதும் வேதவல்லி முன்னால் நடந்தார், தண்ணீர் அவருக்குப் பின்னால் நடந்தது. இடது ஓரமாகவே நடந்தது. யார்மேலும் படவில்லை. எதிரே வந்த ஒரு பள்ளிக்கூட வேன் நின்று வழிவிட்டது.

முனிரத்தினத்துக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அவர்கள் ஏரிப் பக்கம் திரும்பவில்லை. குன்றின் பக்கம் திரும்பினார்கள்.

"பங்க நான் ஓட்டைல வெக்கப் போறதில்ல சார். கால்வாயில வுடப் போறேன். அதுவே நடந்து போவட்டும். வழியில அழுக்கு இருந்தா நிக்கும். நிக்கச் சொல்லிக் குடுத்திருக்கேன்."

"பன்னெண்டு மணிக்குள்ள போய்ச் சேருமா?"

"அது தண்ணி கையில இல்ல சார்."

ஒன்பது மணிக்குக் குன்றின் உச்சியில் இருந்து தண்ணீர் இறங்கியது. அவசரப்படவில்லை. சுத்தமான இடத்தில் நடந்தது. பாலிதீன் பை கிடந்த முதல் இடத்தில் நின்றது. நின்று காத்திருந்தது. முனிரத்தினம் குனிந்து பையை எடுத்தார். தண்ணீர் நடந்தது.

மாட்டுக் கொட்டகைக்கு வெளியே நின்றது. கொட்டகைக்காரர் வெளியே வந்து பார்த்தார். முப்பதடி அகலத்துக்குத் தண்ணீர் கைகட்டி நிற்பது போல நின்றுகொண்டிருந்தது. உள்ளே அடியில் கிடக்கும் கூழாங்கல்வரை தெரிந்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தோளில் கிடந்த துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார்.

விஷயம் ஊருக்குள் பரவிவிட்டது. தண்ணீர் கால்வாய் வழியாக வருகிறது, அழுக்கைப் பார்த்தால் நிற்கிறது, பன்னிரண்டு மணிக்கு மழை வருகிறது. முந்தின நாள் முழுக்கச் சொல்லியும் நகராதவர்கள் இப்போது தண்ணீருக்கு முன்னால் ஓடினார்கள். வண்டி கழுவுகிற கடைக்காரர்கள் எண்ணெய் வடிய ஒரு குழி வெட்டினார்கள். அடுக்குமாடியின் ஒன்பது சமையலறைக்காரர்களும் குழாய்களை அறுத்து, கீழே தோட்டத்தில் கல்லும் மணலும் போட்டு, அழுக்கைக் குடிக்கும் கல்வாழை நட்டு, அதில் திருப்பிவிட்டார்கள். நட்ட கல்வாழை உடனே பூத்தது. வேறு எதற்கும் அதற்கு நேரமில்லை. மூன்றாம் மாடிக்காரர் கட்டிலைத் தூக்கினார். கட்டிலுக்கு அடியில் முப்பது வருடம் இருந்தது. அதையும் வாரி வெளியே போட்டார்.

பதினொன்று பத்துக்குத் தண்ணீர் கல்யாண மண்டபத்தின் வாசலில் வந்து நின்றது.

குணசீலன் வெளியே வந்தார். வேதவல்லியைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். உள்ளே எழுநூறு பேர் சாப்பிடுவதாகச் சொன்னார். மோர் மட்டும்தான் பாக்கி என்றார். பாதியில் எழுப்பினால் மண்டபத்துக்குப் பேர் கெட்டுவிடும் என்றார். எல்லாம் உண்மைதான். வேதவல்லி ஒன்றும் மறுக்கவில்லை.

"எவ்ளோ நேரம் நிக்கும்மா அது?"

"நீங்க கூப்புடற வரைக்கும்."

குணசீலன் தண்ணீருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். உள்ளே ஒரு கெண்டை அவரைப் பார்த்தது. அவர் மூன்று மாதம் காவல் காத்த பங்கும் இந்த நிறத்தில்தான் இருந்தது. நிமிர்ந்து உள்ளே போனார். மைக்கைப் பிடித்தார். பந்தி முடிந்தது என்று அறிவித்தார்.

எழுநூறு பேரும் எழுந்தார்கள். மேடையில் பொண்ணு கண் விழித்தாள். பந்தி முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் மாப்பிள்ளையை உலுக்கி எழுப்பினாள். மூன்று நிமிஷத்தில் தாலி கட்டியாகிவிட்டது. பட்டுப்புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு முதலில் கால்வாயில் இறங்கியது அவள்தான். எழுநூறு பேர் கை வைத்தால் எதுவும் நிற்காது. எச்சில் இலை, முருங்கைக்காய்ச் சக்கை, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் வெளியே வந்தன. குணசீலன் வாசலுக்கு வந்து தண்ணீரைப் பார்த்து, உள்ளே வாங்க என்றார். கல்யாணத்துக்கு வருகிறவர்களைக் கூப்பிடும் அதே குரல்.

தண்ணீர் மண்டபத்துக்குள் நடந்து மறுபக்கம் வந்தது. ஏற்கெனவே சுத்தமாகியிருந்த அடுக்குமாடிப் படிக்கட்டில் இறங்கி, டிவி ஹாலையும் தாண்டியது. மணி பதினொன்று நாற்பது. எதிரே மண்மலை.

மலையின் முன்னால் தண்ணீர் நின்றது. பின்னால் ஊரே நின்றது. அந்தப் பக்கம் ஏரி. ஏரிக்கரையில் கன்னியப்பன் நாற்காலியை விட்டு எழுந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு பஸ்ஸும் ஸ்டார்ட் ஆயின. மேற்கே வானம் கறுத்தது.

முனிரத்தினம் மலையை அண்ணாந்து பார்த்தார். போட்டோவில் இருந்ததைவிட உயரமாகத் தெரிந்தது. ஜேசிபிக்கு யாரோ போன் செய்தார்கள். வர ஒரு மணி நேரம் ஆகும் என்று பதில் வந்தது.

வேதவல்லி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். ஆயிரத்து நூற்றுப் பதினாறு வீட்டுக்காரர்களும் அங்கே இருந்தார்கள்.

"வூட்டுக்கு ஒரு பங்கு" என்றார்.

இதற்குமேல் யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அண்டா, குடம், வாளி, மாவு சலிக்கும் சல்லடை என்று கையில் கிடைத்ததோடு வந்தார்கள். கணக்கு வாத்தியார் தன் பங்கை வேட்டியில் முடிந்துகொண்டார். தையல்காரர் தன் பங்கை நாலாக மடித்தார். தெற்குத் தெருக்காரர்கள் சைகை காட்டியபடியே சுமந்தார்கள். வண்டல் மண், நிலத்தில் போட்டால் நெல் விளையும், தொட்டியில் போட்டால் கத்தரிக்காய் காய்க்கும். இவ்வளவு நாள் இதை எதற்கு மலையாக வைத்திருந்தோம் என்று போகிற வழியில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். வேதவல்லியின் பங்கை ஏகாம்பரம் தலையில் வைத்துத் தூக்கிப் போனார். பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு மலை இல்லை. கால்வாய் இருந்தது.

தண்ணீர் கடைசி இருநூறு அடியை நடந்தது.

ஏரிக்குள் நுழைந்ததும் மற்றப் பங்குகள் விலகி வழிவிட்டன. ஓட்டையின் ஓரம் வரை போய் நின்றுவிட்டது. இந்தத் தடவை அழுக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் நின்றது. திரும்பி வேதவல்லியைப் பார்த்தது. தண்ணீருக்கு முகம் கிடையாது. ஆனால் அது திரும்பிப் பார்த்தது ஊருக்கே தெரிந்தது.

வேதவல்லி கரையில் நின்றார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"போ. இனிமே ஒண்ணும் ஆவாது. வழிய பாத்த இல்ல?"

தண்ணீர் ஓட்டைக்குள் இறங்கியது. நாலு சுவரும் அதன்மேல் மெல்லச் சாய்ந்தன. ஒரு சின்ன அலை எழுந்து கரைவரை வந்து திரும்பியது. அதற்குப் பிறகு எது யார் பங்கு என்று தெரியவில்லை. தையல்காரர் வீட்டு மடிப்புகூடப் போய்விட்டது. கொக்கு எங்கே நிற்பது என்று தெரியாமல் வட்டமடித்தது.

முனிரத்தினம் மதகு மேடையில் ஏறித் தட்டை இறக்கினார். கரை முழுக்க ஊர். ஆறடி. ஒன்பதடி. பன்னிரண்டடி. தட்டு அடித்தரையில் உட்கார்ந்தது. காற்றில் கயிறு ஆடியது. தட்டு ஆடவில்லை. கீறல் தெரிந்தது. கீறல்மேல் ஒரு நத்தை ஏறுவதும் தெரிந்தது.

"தெரியுதா சார்?" என்று கேட்டார் குணசீலன்.

முனிரத்தினம் தலையாட்டினார். திரும்பி வேதவல்லியைப் பார்த்துக் கும்பிட்டார். வேதவல்லி அதைப் பார்க்கவில்லை. அவர் கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார், வேறு ஏதாவது வருகிறதா என்று.

கன்னியப்பன் விசில் ஊதினார். பஸ் ஸ்டாண்டு கரையில் இருந்து மூன்று தூண்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தது. ஒரு பஸ்ஸின் ஜன்னலில் இருந்து ஒருவர் தலையை நீட்டி, அப்படியானால் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார்.

"ரோட்டுல" என்றார் வேதவல்லி, திரும்பாமலே.

கன்னியப்பன் அது சரிதான் என்பது போலத் தலையாட்டினார். பஸ் ஸ்டாண்டு, பயணிகளோடும் டீக்கடைகளோடும், பின்பக்கமாகவே நடந்து மெயின் ரோட்டுப் பக்கம் போனது. எட்டு பஸ்ஸும் ஆவணிக்குப் பிறகு முதல் தடவையாகக் கிளம்பின.

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு மழை வந்தது. ஏரிக்கு நேர் மேலே வந்து நின்றது. சுற்றிப் பார்த்தது. ஓட்டை இல்லை. மதகு மேடையில் கையில் கயிறோடு நின்ற முனிரத்தினத்திடம், எங்கே இறங்கட்டும் என்று கேட்டது.

போன வருடம் வரை இந்தக் கேள்விக்கு அவர் தன் காலடியைத்தான் காட்டியிருப்பார். இப்போது கையை உயர்த்தி மேற்கே, குன்றின் உச்சியைக் காட்டினார்.

"அங்க எறங்கி நடந்து வா."

மழை சரி என்றது. ஊருக்கு மேலாக மேற்கே போனது. கரையில் ஒரு சொட்டு விழவில்லை. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. வேதவல்லி காதைக் கால்வாய்ப் பக்கம் சாய்த்தார்.

மண்டபத்துக்கு அந்தப் பக்கத்தில் இருந்து அது நடந்து வருகிற சத்தம் கேட்டது.